காட்ட மாட்டாங்களாம்

என் அப்பா 2021 மே மாதக் கடைசியில் கொரோனாவில் இறந்தார். அவர் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கும் வாய்ப்பு என் அம்மாவுக்கு இருந்தது. அதை நான் கெடுத்தேன். 'முகம் காட்ட மாட்டாங்களாம்' என்று அவளிடம் சொன்னேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடம் அந்தப் பொய்யைக் காப்பாற்றினேன். காப்பாற்றுவதற்காக வேறு பொய்களும் சொன்னேன்.

அந்த மாதத்தில் யாருக்குத்தான் புத்தி நிதானத்தில் இருந்தது என்று எனக்காகப் பரிந்து பேசச் சிலர் வரக்கூடும். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவான மாதம் அது. ஒரே நாளில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் என் புத்தி நிதானத்தில்தான் இருந்தது. அதை முதலில் சொல்லியாக வேண்டும்.

நான் அறிவியல் ஆசிரியர். அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் வீடு. அப்பா தறி நெய்தவர், அம்மா அவருக்குத் தார் சுற்றிக் கொடுத்தவள். அந்தத் தெருவில் முதலில் காலேஜுக்குப் போனவன் நான். கொரோனா வந்ததும் தெருவே என்னிடம் கேட்டது. பால் பாக்கெட்டைக் கழுவ வேண்டுமா, கபசுரக் குடிநீரை எத்தனை வேளை குடிப்பது, எதுவானாலும் 'வாத்தியாரைக் கேளு' என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது.

2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். அடக்கம் செய்ய உடலைக் கொண்டுபோனவர்களை ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டியது. கடைசியில் அவருடன் வேலை பார்த்த மருத்துவர் ஒருவர் இரவில் தானே மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். செய்தியைப் படித்து நான் கொதித்துப்போனேன். மத்திய சுகாதார அமைச்சகம் அந்த ஆண்டு மார்ச் 15 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையைத் தேடிப் படித்தேன். கொரோனாவில் இறந்தவர் உடலை எப்படிக் கையாள வேண்டும் என்பது அதில் இருந்தது. அதைத் தமிழில் எழுதித் தெரு வாட்ஸப் குழுவில் போட்டேன். உடலைக் குளிப்பாட்டக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது, முத்தமிடக் கூடாது. ஆனால் முகம் இருக்கும் பக்கம் பையின் ஜிப்பை இறக்கி உறவினர்கள் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம். தொடாமல் செய்யும் சடங்குகளைச் செய்யலாம். சாம்பலால் எந்த ஆபத்தும் இல்லை. இவ்வளவும் எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தேன். இறந்தவர்களைக் கண்டு பயப்படுகிறவன் அறிவில்லாதவன் என்று.

அந்த வரி என்னுடையது. நெறிமுறையில் இல்லை. இன்னும் அந்தப் பதிவு என் போனில் இருக்கிறது.

அப்பா அதை டீக்கடையில் சத்தமாக வாசித்துக் காட்டினாராம்.

அடுத்த வருடம் ஏப்ரலில் தேர்தல் வந்தது. தேர்தல் வேலைக்குப் போகிற ஆசிரியர்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். அப்பாவையும் போடச் சொன்னேன். அவர் சரி என்றிருந்த நேரத்தில் நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டு 17 அன்று மாரடைப்பில் இறந்துபோனார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அதிகாரிகள் சொன்னது ஊர்ப்பக்கம் எடுபடவில்லை. அப்பா 'கொஞ்சம் பொறுப்போம்டா' என்றார். நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் இதை என் குற்றக் கணக்கில் நான் எழுதப்போவதில்லை. செய்யாத தப்பையும் சேர்த்துத் தலையில் தூக்கிக்கொள்வது, செய்த தப்பைக் கூட்டத்தில் ஒளித்து வைக்கும் வழி. ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன். 'ஊசி போட வச்சிருக்கணும்' என்று எல்லோர் முன்னாலும் அழுதேன். அதைக் கேட்டவர்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். என்ன தப்பு செய்தேனோ அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. இருமல் வந்தது, மூச்சு வாங்கியது, விரலில் மாட்டிப் பார்த்த கருவியில் எண் இறங்கிக்கொண்டே போனது. அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் ஆக்சிஜன் படுக்கை கிடைத்தது. அந்த நாட்களில் அது கிடைத்ததே பெரிது. டாக்டர்களும் நர்சுகளும் தூங்காமல் வேலை பார்த்தார்கள். அவர்கள் மேல் சொல்ல எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒருநாள் விடியற்காலையில் போன் வந்தது.

இனி நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிறேன்.

அம்மாவும் தங்கச்சியும் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். அம்மா கையில் மஞ்சப்பை. அதற்குள் புது வேட்டி. பொங்கலுக்கு எடுத்து, அப்பா கட்டாமலே வைத்திருந்தது. சித்தப்பா காரை விட்டு இறங்கவில்லை. நான் மட்டும் பிணவறைப் பக்கம் போனேன். அங்கே பாதுகாப்பு உடையில் ஒருவர் நின்றார். கண் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தது. சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு பையைக் காட்டினார். அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் அப்பா பெயரும் வயதும் ஊரும் பேனாவில் எழுதியிருந்தன.

"முகம் பாக்கீகளா சார்? ஜிப்ப எறக்கித் தாரேன். தொடாம தள்ளி நின்னு பாத்துக்கங்க."

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"ஒரு நிமிசந்தான் சார். அப்பறம் பாக்க முடியாது. வீட்டுப் பொம்பளையாளுக வந்திருந்தா ஒருத்தரக் கூப்பிடுங்க, காட்டிருவோம்."

"யாரும் வரல" என்றேன்.

அம்மா நின்ற இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பையை வண்டியில் ஏற்றினார்கள். ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டி வந்ததும் அம்மா குறுக்கே ஓடிவந்தாள். டிரைவர் பிரேக் போட்டார். நான் முன்சீட்டில் இருந்தேன்.

"ஏய்யா, பாத்தியா? அப்பா மொகத்தப் பாத்தியா?"

"காட்ட மாட்டாங்களாம்மா. யாருக்கும் காட்டக் கூடாதுன்னு அரசாங்க உத்தரவு."

"ஒரு தடவ, தூரத்துல இருந்தாவது…"

"கேட்டுப் பாத்துட்டேன்மா. முடியாதுன்னுட்டாங்க."

அவள் மஞ்சப்பையை நீட்டினாள். "இந்த வேட்டியவாவது மேல போடச் சொல்லுய்யா." அதற்கும் முடியாது என்றேன். பையின் மேல் ஒரு வேட்டியை விரிக்க எந்தத் தடையும் இல்லை. தொடாமல் செய்யலாம் என்று தமிழில் எழுதித் தெருவுக்கே அறிவித்தவன் நான். டிரைவர் என் பக்கம் திரும்பினார். அவருக்கு உண்மை தெரிந்திருக்கும். தினமும் அதே வேலையில் இருக்கிற மனிதர். ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தார்.

எரிவாயுத் தகனமேடையில் நானும் சித்தப்பாவும் தள்ளி நின்றோம். மறுநாள் அஸ்தி தந்தார்கள். கோயில்கள் எல்லாம் பூட்டியிருந்த நேரம். திருப்புவனத்தில் வைகையில் கரைத்துவிட்டு வந்தோம்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். நான் எனக்குள் முதலில் சொல்லிக்கொண்ட பதில், அம்மாவைக் காப்பாற்றினேன் என்பது. அவளுக்குத் தொற்றிவிடக் கூடாதே என்று. இது நிற்காத பதில். தள்ளி நின்று பார்த்தால் தொற்றாது என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்கு முடியாமல் போன நாளிலிருந்து வீட்டில் அவரைக் கவனித்தவளே அவள்தான். ஊசி போட்டுக்கொண்டு அந்த அறைக்குள் எட்டிப் பார்க்காதவன் நான்.

பயம்தான். ஆனால் கிருமிப் பயம் பாதிதான். செத்த முகத்தைப் பார்க்கப் பயந்தேன். வாய் திறந்திருக்குமோ, கண் மூடாமல் இருக்குமோ என்று பயந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று அவர் சொன்னதை மீறி நான்தான் சேர்த்தேன். அந்த முகம் என்னைக் கேள்வி கேட்கும் என்று பயந்தேன். இதுகூட மன்னிக்கத் தகுந்ததாக இருக்கலாம். எனக்குப் பயமாக இருந்தால் நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். அம்மாவை அனுப்பியிருக்கலாமே.

அனுப்பாததற்குக் காரணம் பெருமை. நான் பார்க்க மாட்டேன் என்று பின்வாங்கியது அவளுக்குத் தெரிந்துவிடும். தங்கச்சிக்குத் தெரிந்துவிடும். பயப்படுகிறவன் அறிவில்லாதவன் என்று எழுதியவன் பயந்து நின்றது ஊருக்குத் தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. அம்மா அங்கே விழுந்து புரண்டு மாரில் அடித்துக்கொண்டு அழுவாள். அந்த ஆஸ்பத்திரியில் என்னிடம் படித்த பிள்ளைகள் வேலை பார்த்தார்கள். அவர்கள் முன்னால் அப்படி ஓர் அழுகை எனக்குக் கூச்சமாக இருந்தது. புருசனை இழந்தவள் அழுவாளே என்று கூசினேன். இதை எழுதும்போது கை தயங்குகிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அன்று என்னை நிறுத்தியதில் இதற்குத்தான் பங்கு அதிகம்.

இனி அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

முதலில் அவள் நம்பவில்லை. சண்டை போட்டு மறுக்கவில்லை. நம்ப முடியாமல் இருந்தாள், அவ்வளவுதான். உடல்கள் மாறிப்போன செய்திகள் அந்த நாட்களில் டிவியில் வந்தன. 'பேனாவுல எழுதுன சீட்டுத்தானே, மாறி ஒட்டியிருந்தா?' என்பாள். வெளியே சைக்கிள் சத்தம் கேட்டால் எழுந்து போவாள். தறிக்குழிப் பக்கம் யாரையும் சாமான் வைக்க விடவில்லை. அவருக்குத் தட்டு வைக்கவில்லை. ஆனால் சோறு அவருக்கும் சேர்த்துத்தான் பொங்கினாள். மிச்சத்தை மறுநாள் தண்ணீர் ஊற்றி அவளே சாப்பிட்டாள்.

பதினாறாம் நாள் வந்தது. தாலி வாங்குகிற சடங்குக்கு அத்தைமார் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். "யாரு எரிஞ்சதுன்னே தெரியாது. நான் எதுக்குத் தாலியக் கழட்டணும்?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து ஒரு பிரசங்கம் செய்தேன். இந்தக் காலத்தில் இப்படிச் சடங்கெல்லாம் தேவையா, ஒரு பெண்ணை இதற்கு மேலும் வதைக்க வேண்டுமா என்றேன். முற்போக்கான பிள்ளை என்று ஊரில் பேர் வந்தது. சக ஆசிரியர் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் குலுக்க விட்டேன். அந்தச் சடங்கு ஒழிய வேண்டும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அம்மா சடங்கை எதிர்க்கவில்லை. புருசன் செத்துவிட்டார் என்பதற்கு அத்தாட்சி கேட்டாள். அந்த அத்தாட்சியைத் தடுத்தவன் அவள் பக்கத்தில் நின்று சீர்திருத்தம் பேசினேன்.

உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, அந்த ஆண்டுக் கடைசியில், கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் வந்தது. தெருவில் எல்லோரும் மனுப் போட்டார்கள். அம்மா கையெழுத்துப் போட மறுத்தாள். ஆள் திரும்பி வந்தால் அந்தக் காசை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டாள். எங்களுக்கு அந்தப் பணம் தேவைப்பட்ட நேரம் அது. தங்கச்சி பேசிப் பேசிக் கடைசியில் போட வைத்தாள். வங்கியில் வந்த பணத்தை அம்மா தொடவில்லை.

எங்கள் தெருவிலேயே அந்த மாதம் புருசனை இழந்த இன்னொரு அக்கா இருந்தார். ஒருநாள் குழாயடியில் பேச்சுவாக்கில், 'எங்களுக்கு மொகத்தக் காட்டுனாகளே மதினி, தூங்குற மாதிரி இருந்தாரு' என்றிருக்கிறார். அம்மா குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"அவளுக்குக் காட்டிருக்காகளே. நமக்கு ஏன் காட்டல?"

இங்கே நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அன்று ஆம்புலன்சில் சொன்னது பதற்றத்தில் சொன்ன பொய் என்று வைத்தாலும், இது அப்படி அல்ல. நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். யோசித்து, நிதானமாகச் சொன்னேன். "அவங்களுக்கு முத நாளு. மறுநாளு உத்தரவு மாறிருச்சும்மா. அங்க இருந்த ஆளும் கொஞ்சம் மொரட்டு ஆளு." முரட்டு ஆள். இருமுறை கேட்டவரை, வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுங்கள் என்று சொன்னவரை, முரட்டு ஆள் என்றேன். தேவையே இல்லை. பொய் கொஞ்சம் உறுதியாக இருக்கட்டும் என்று சேர்த்தேன்.

தூக்கம் போனது. சாப்பாடு குறைந்தது. நான் படிக்க ஆரம்பித்தேன். படிப்பது எனக்கு எப்போதும் கைகொடுத்த மறைவிடம். ஒருவர் இருக்கிறாரா இறந்தாரா என்று உறுதிப்படாத இழப்பைப் பற்றி பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் எழுதியிருக்கிறார். வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்து 1970-களில் தொடங்கிய ஆய்வு. உடலைப் பார்க்காதவர்களுக்குத் துக்கம் நகராமல் அப்படியே நின்றுவிடுகிறது என்று புரிந்தது. 2022 மார்ச்சில் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் நீடித்த துக்கத்தையும் ஒரு கோளாறாகச் சேர்த்தார்கள். பெரியவர்களுக்கு ஒரு வருடம் தாண்டினால்தான் அப்படிச் சொல்லலாம். நாள் பார்த்தேன். அம்மாவுக்கு ஒரு வருடம் ஆகப்போகிறது. எல்லாம் பொருந்துகிறது என்று நினைத்தேன். அம்மாவின் வியாதிக்குப் பெயர் கண்டுபிடித்துவிட்ட திருப்தி எனக்கு வந்தது. வெட்கம் வந்திருக்க வேண்டும்.

மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியாக முகம் பார்த்தார்களா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். "காட்டலைங்க டாக்டர், அப்ப விதிமுறை அப்படி" என்றேன். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். மாத்திரை கொடுத்தார். அம்மா அதைத் தினமும் விழுங்கினாள். மாத்திரையைக் குறை சொல்லவில்லை. அவள் கொஞ்சம் தூங்கினாள். ஆனால் டாக்டர் கையில் நான் பொய்யான சீட்டைக் கொடுத்திருந்தேன். அவருடைய அறிவும் அம்மாவின் உடம்பும் அந்தப் பொய்க்காக உழைத்தன.

எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒப்பாரிக்கு உட்காருகிற பெண்கள், அன்றைக்குச் செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்ததும் ஒவ்வொருத்தியும் தன் தாயை, தன் பிள்ளையை, தன் புருசனை இழுத்து வந்துவிடுவாள். இரண்டு வருடம் ஊரில் அப்படி ஒரு வட்டம் கூடவில்லை. 2022-இல் எங்கள் தெருவில் ஒரு பாட்டி இறந்தது. நல்ல சாவு, பேரன் பேத்தி எடுத்த சாவு. பந்தல் போட்டார்கள், கொட்டு வந்தது. தெருப் பெண்கள் எல்லோரும் போனார்கள். அந்த மே மாதம் புருசனை, பிள்ளையை இழந்து வாய்விட்டு அழாமல் இருந்தவர்கள் எல்லாம் அன்றைக்கு அந்தப் பாட்டியை வைத்து அழுது தீர்த்தார்கள். பாட்டி வீட்டார் முகம் சுளிக்கவில்லை. அவர்களுக்கு விஷயம் தெரியும். தெருவுக்கு ஆறுதல் என்று ஒன்று வந்தது என்றால் அது அன்றைக்குத்தான் வந்தது. என் வாட்ஸப் குழுவால் வரவில்லை.

அம்மா ரொம்ப நேரம் வரவில்லை என்று கூப்பிடப் போனேன். பந்தலுக்கு வெளியே நின்றபோது அவள் குரல் கேட்டது. அப்பாவைப் பாடிக்கொண்டிருந்தாள். தார் சுற்றியதைப் பாடினாள், கட்டாத வேட்டியைப் பாடினாள். அப்புறம் அந்த ஆளைப் பாடினாள். முகம் காட்டாத பாவி, திறந்து காட்டாத முரடன், அவன் கை விளங்காமல் போக, அவன் பெண்டாட்டிக்கும் இதே கதி வர என்று. சுற்றியிருந்த பெண்கள் கூடச் சேர்ந்து இழுத்தார்கள்.

நான் சொன்ன பொய் அவள் ஒப்பாரியில் ஏறிவிட்டது. 'முரட்டு ஆள்' என்று டீ குடித்தபடி நான் சேர்த்த சொல்லும் ஏறிவிட்டது. முகமூடி போட்டு, வியர்வையில் நனைந்து, முன்பின் தெரியாதவர்களின் பிணங்களுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்ற ஒரு மனிதர். ஒரு நிமிசந்தான் சார் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னவர். அவருடைய குடும்பத்துக்கு என் தெருவே சாபம் கொடுத்துக்கொண்டிருந்தது. சாபம் பலிக்கும் என்று நம்புகிறவன் அல்ல நான். ஆனால் அம்மா நம்புகிறவள். நம்பித்தான் கொடுத்தாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்தடுத்த சாவு வீடுகளிலும் அம்மா அதையே பாடினாள் என்று கேள்விப்பட்டேன்.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா இனி உலக அளவிலான அவசரநிலை அல்ல என்று அறிவித்தது. டிவியில் அந்தச் செய்தி ஓடியது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பி, "முடிஞ்சிருச்சாமே. அப்ப இனி போய்க் கேட்டா சொல்லுவாகளா, அந்தப் பையில யாரு இருந்தாகன்னு? ஏட்டுல எழுதிருப்பாகல்ல?" என்றாள்.

அவள் அவ்வளவு காலமும் தடை நீங்கக் காத்திருந்திருக்கிறாள். நான் சொன்ன அரசாங்க உத்தரவை அவள் மதித்தாள். அது விலகியதும் கேட்கலாம் என்று இருந்தாள். நாளைக்கே கிளம்புவோம் என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மனசாட்சி விழித்துக்கொண்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள வழி இல்லை. அங்கே கூட்டிப் போனால் பொய் உடைந்துவிடும். உடைவதற்கு முன்னால் சொல்வது மேல் என்ற கணக்கும் அதில் இருந்தது.

டிவியை நிறுத்திவிட்டுச் சொன்னேன். காட்டுகிறேன் என்றுதான் சொன்னார்கள், நான்தான் வேண்டாம் என்றேன், உன்னைக் கூப்பிடச் சொன்னார்கள், யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பயந்துபோனேன் என்றேன்.

அவள் அழவில்லை. கேட்டது ஒரே கேள்வி.

"நீயாவது பாத்தியா?"

"இல்லம்மா."

"அப்ப யாருமே பாக்கல."

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆளு நல்லவரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இரண்டு தடவை கேட்டார் என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நாலு வீட்டுல உக்காந்து அந்தப் புள்ளையச் சபிச்சுட்டேனேடா. அவன் பொண்டாட்டியச் சபிச்சுட்டேனே." என்னைத் திட்டவில்லை. என்னைப் பற்றி அவள் அப்போது நினைக்கவே இல்லை. நான் எதிர்பார்த்திருந்தது கோபம் அல்லது மன்னிப்பு. இரண்டுமே எனக்கானவை. அவள் கவலையோ வேறு ஒருவருக்காக.

தங்கச்சிக்குப் போனில் சொன்னேன். அம்மாவுக்குச் செய்த துரோகம் என்று ஆரம்பித்தேன். அவள் இடைமறித்தாள். "அம்மாவுக்குச் செஞ்சது இருக்கட்டும். நானும் அங்கதானே நின்னேன். எனக்கும் அவரு அப்பாதானே?" அவளும் அன்று அந்த வேப்பமரத்தடியில் நின்றாள் என்பதை நான் கணக்கில் எடுத்ததே இல்லை. இரண்டு வருடமாக என் குற்றத்தை நினைத்து நினைத்து மருகியபோதும் அதில் அவள் இல்லை. அவள் இப்போது நான் இல்லாத நேரமாகப் பார்த்து அம்மாவிடம் வந்து போகிறாள். தன் பிள்ளைகளை அனுப்புகிறாள். என்னோடு பேசுவதில்லை.

அம்மா கேட்டபடி அந்த ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப் போனேன். அந்த மாதம் பிணவறையில் வேலை பார்த்தவர்கள் பலர் ஒப்பந்தத்துக்கு வந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார்கள் என்றார்கள். பெயர் கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை. அடையாளம் கேட்டார்கள். அன்று அவர் முகத்தையும் நான் பார்க்கவில்லை. அம்மா அங்கே இருந்த ஒரு பணியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். என் மகன் பயந்துட்டான், நான் உங்காளச் சபிச்சுட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பதிவேட்டைத் தேடி எடுத்து அப்பா பெயர் இருந்த வரியைக் காட்டினார். நேரமும் என் கையெழுத்தும் இருந்தன. அம்மா அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, எனக்குப் படிக்கத் தெரியாது, நீங்க வாசிங்க என்றாள். அவர் வாசித்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் அப்பாவுக்கும் சேர்த்துச் சோறு பொங்குவது நின்றது. அம்மா தாலியைத் தானே கழற்றி எடுத்து வைத்தாள். யாரையும் கூப்பிடவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. என்னோடு பேசுகிறாள். சோறு போடுகிறாள். மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால், என் மனசு ஆறுவதற்காக ஆமாம் என்று சொல்லிவிடுவாள். அவளை இன்னொரு தடவை எனக்காக வேலை செய்ய வைக்க விருப்பமில்லை.

போன வருடம் பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. அம்மா போனாள். கொஞ்சம் பொறுத்து நானும் துக்கம் விசாரிக்கப் போனேன். ஒப்பாரியில் அப்பா வந்தார், தறி வந்தது, வேட்டி வந்தது. ஆஸ்பத்திரி ஆளை அவள் இப்போது வாழ்த்திப் பாடுகிறாள், அவர் பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும் என்று. அடுத்து வருகிறவன் பெற்ற மகன். கூப்பிடு தூரத்தில் அம்மாவை நிறுத்திவிட்டு யாரும் வரவில்லை என்று சொன்னவன். பெண்கள் சேர்ந்து இழுத்தார்கள். ஆண்கள் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் என் தலைமையாசிரியரும் ஒருவர். நான் எழுந்து போகவில்லை. அவள் பாடி முடிக்கும்வரை இருந்துவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.